பதினெட்டாவது குறை

தாலி கட்டிய மனைவியிடமே ஆதார் கார்டு கேட்ட ஆள் மதுரை ஜில்லாவில் அருள்பாண்டி ஒருவனாகத்தான் இருப்பான். கேட்டதோடு விட்டானா? வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, பதிவேட்டில் பெயர், ஊர், எத்தனை ராத்திரி என்று எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் மூன்றாம் நம்பர் குடிசையின் சாவியை எடுத்தான்.

"எங்க இருந்து வாரீங்க?"

"தல்லாகுளத்துல இருந்து," என்றாள் திவ்யா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அம்புட்டு தூரத்துல இருந்தா! களைச்சுப் போயிருப்பீங்க. மோர் குடிங்க."

தல்லாகுளத்துக்கும் அந்தத் தென்னந்தோப்புக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர். ஸ்கூட்டியில் அரை மணி நேரம். முந்தின நாள்கூட இதே ஆள் அவள் கையால் மூன்று தோசை சாப்பிட்டான். மூன்று தோசைக்கு மூன்று வார்த்தை பேசினான். இப்போது விழுந்து விழுந்து உபசரிக்கிறான். திவ்யா மோரை வாங்கிக் குடித்தாள். இஞ்சி தட்டிப் போட்டு நன்றாகத்தான் இருந்தது. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

விஷயம் இதுதான். பரவையைத் தாண்டி நாலு கிலோமீட்டரில் வாய்க்கால்பட்டி. அங்கே அப்பா விட்டுப்போன தோப்பில் நாலு கீற்றுக் குடிசை போட்டு, 'கிணத்தடி' என்று பெயர் வைத்து, முதுகில் மூட்டையோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்குத் தங்குமிடம் நடத்திக்கொண்டிருந்தான் அருள்பாண்டி. ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் ஏ.சி. மெக்கானிக். ஊரெல்லாம் ஏ.சி. மாட்டிக் கொடுத்தவன், மின்விசிறிகூடத் தேவைப்படாத இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டுக்கு வருவான். வந்தாலும் 'ம்', 'சரி', 'பாக்கலாம்' என்ற மூன்றுக்கு மேல் வாயைத் திறக்க மாட்டான்.

திவ்யாவின் தாய்மாமா சும்மா இருப்பாரா? கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஏ.சி. கடையில் சர்வீஸ் மேனேஜர் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். சேருவது அடுத்த மாதம்தான்; ஆனால் வருகிறேன் என்றால் புதன்கிழமை காலை ஏழு மணிக்குள் இருவரில் ஒருவர் அவன் சான்றிதழ்களோடு அங்கே நேரில் நிற்க வேண்டும், வரவில்லை என்றால் ஒரு போன் போதும். திவ்யா அரசு வேலையில் இருப்பவள். அங்கேயே மாறுதல் வாங்கிக்கொள்ளலாம். "தோப்பை மூடிட்டுக் கிளம்புங்க," என்று ஒரு வாரம் மல்லுக்கட்டினாள். கடைசியில் அருள்பாண்டி ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்.

"மூணு ராத்திரி அங்க தங்கிப் பாரு. பொண்டாட்டியா இல்ல, விருந்தாளியா. அதுக்கப்புறம் நீ மூடுன்னா மூடிடுறேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன்."

திவ்யா ஒப்புக்கொண்டாள். திறப்பு விழா அன்று வந்தபோது சிவப்பெறும்பு கடித்து ஒரு மணி நேரத்தில் ஓடியவள்தான், அதன் பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மூன்று ராத்திரி என்ன, மூன்று நிமிஷத்திலேயே 'மூடு' என்று சொல்ல அவளால் முடியும். ஆனால் எதையும் எழுத்தில் ஆதாரத்தோடு சொல்லிப் பழகியவள். அவள் தொழிலே குறை எழுதுவதுதான். மேஜைக்கு வரும் கோப்பை வரிவரியாகப் படித்து, எது இல்லை, எது தப்பு என்று நம்பர் போட்டு எழுதி, 'குறைகளை நிவர்த்தி செய்து மீண்டும் அனுப்பவும்' என்று திருப்பிவிடுவாள். ஒரே தடவையில் அவளைத் தாண்டிய கோப்பு இல்லை என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அதனால் சனி, ஞாயிறோடு திங்கள், செவ்வாய், புதனுக்கும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பையில் ஒரு புதுக் குறிப்பேட்டோடு வந்திருந்தாள்.

முதல் பக்கம் ஒரு மணி நேரத்தில் நிரம்பியது.

'1. குளியலறைக்குக் கூரை இல்லை. 2. மேற்படி குளியலறைக்குள் நார்த்தை மரம் எட்டிப் பார்க்கிறது. மரத்தில் அணில். 3. கழிப்பறையில் தவளை. விரட்டினால் போய்விட்டுத் திரும்பி வருகிறது. 4. கிணற்று மேட்டில் ஏறி நின்றால் மட்டுமே செல்போனில் சிக்னல். 5. தேங்காய் விழும் என்று போர்டு மட்டும் வைக்கப்பட்டுள்ளது. விழாமல் தடுக்க ஏற்பாடு இல்லை.'

ஐந்தாவதை எழுதி முடிக்கவும் ஒரு தேங்காய் தொப்பென்று பத்தடி தள்ளி விழவும் சரியாக இருந்தது. திவ்யாவுக்குப் பரம திருப்தி.

கயிற்றுக் கட்டிலைப் பார்த்ததும் ஆறாவது குறையை எழுதினாள். ஆனால் அன்று அந்தக் கட்டிலில் படுத்தவள், கீற்று வழியாக வந்த ஆடிக் காற்றில் எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. விடியக்காலை மயில் கத்தித்தான் எழுந்தாள். எழுந்ததும் முதல் வேலையாக, '7. மயில் நாலே முக்காலுக்குக் கத்துகிறது' என்று எழுதினாள். நன்றாகத் தூங்கியதைப் பற்றி எழுத அந்தக் குறிப்பேட்டில் இடம் ஒதுக்கியிருக்கவில்லை.

தோப்பில் சமையல் சீனியம்மாள். ஐம்பது வயது. கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம். ஞாயிறு காலையில் சட்டியில் பணியாரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே திவ்யாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏந் தாயி, சொந்தப் புருசன் எடத்துக்கு வந்து விருந்தாளின்னு கையெழுத்துப் போட்டியாமே. ஊரே சிரிக்குது."

"அவர்தான்க்கா அப்படிச் சொன்னாரு."

"அவரு சொல்லுவாரு. நீயும் போடுவ. நல்லாச் சேந்தீக ரெண்டு பேரும்." இரண்டு பணியாரத்தைத் தட்டில் தள்ளினாள். "தின்னு. இதுல என்ன குறைன்னு எழுதிக் குடு, பாப்போம்."

பணியாரத்தில் குறை இல்லை. வெங்காயச் சட்னியிலும் இல்லை. திவ்யா எட்டு பணியாரம் சாப்பிட்டுவிட்டு, '8. சமையல்காரர் விருந்தாளிகளிடம் மரியாதைக் குறைவாகப் பேசுகிறார்' என்று எழுதினாள்.

பக்கத்துக் குடிசையில் லீனா என்ற ஃபின்லாந்துப் பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். எந்த ஊரிலும் மூன்று நாளுக்கு மேல் தங்குவதில்லை என்று கொள்கை வைத்திருந்தவள், இங்கே ஐந்து நாளாக இருக்கிறாள். சீனியம்மாளுக்கு அவள் 'லீனாத்தா'. இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. ஆனாலும் அடுப்படியில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாலாம் நம்பரில் கொச்சியிலிருந்து வந்த ஒரு இளம் ஜோடி. அவர்கள் பாடு அவர்களுக்கு.

பதினோரு மணிக்கு அருள்பாண்டி பம்புசெட்டைப் போட்டான். தொட்டியில் தண்ணீர் திமுதிமுவென்று கொட்டியது. லீனா போட்ட துணியோடு குதித்தாள். கரையில் குறிப்பேட்டோடு நின்ற திவ்யாவின் கையைப் பிடித்து ஒரே இழு. திவ்யா அலறிய அலறலில் தோப்பிலிருந்த கொக்கெல்லாம் பறந்துபோயின. குறிப்பேட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்துவரை தண்ணீரில் நின்றவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் குழாயிலிருந்து கொட்டும் தண்ணீர் முதுகில் அறைந்தது. வருஷக்கணக்காக ஃபைல் கட்டு தூக்கி இறுகிப்போயிருந்த முதுகு. 'அம்மாடி' என்று அவளையறியாமல் சொல்லிவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. எதற்கென்று தெரியாமல் லீனாவும் அவளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அருள்பாண்டி துண்டை நீட்டினான். "தண்ணி எப்படி இருக்குங்க, மேடம்?"

"பரவாயில்ல," என்றாள் திவ்யா. இதற்கு மேல் அவனுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் பட்டியல் பதினேழுக்கு வந்துவிட்டது. எறும்பு, கொசு, தென்னை மட்டை, ஒரு கால் ஆடும் மேஜை, பிடி இல்லாத வாளி என்று எதையும் விடவில்லை. எழுதிய களைப்பில் இரண்டு தென்னைகளுக்கு நடுவில் கட்டியிருந்த வலை ஊஞ்சலில் போய்ப் படுத்தாள். ஊஞ்சல் அவளை இரண்டு பக்கமும் மூடிக்கொண்டது. அவள் அங்கே இருப்பது வெளியே தெரியவில்லை. அதனால்தான் அந்தக் கதை அவள் காதில் விழுந்தது.

கிணற்று மேட்டில் லீனாவும் கொச்சி ஜோடியும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் அருள்பாண்டி, பாதி ஆங்கிலமும் பாதி கையசைப்புமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நாலரை வருஷத்துக்கு முன்னால் தல்லாகுளத்தில் ஒரு அலுவலகத்தில் ஏ.சி. ஓடவில்லை, இவன் போனான், சரிசெய்தான், வேலை முடிந்த சீட்டில் கையெழுத்துக் கேட்டான். அங்கே இருந்த பெண் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு மூன்று குறை எழுதித் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் சரிசெய்துகொண்டு போனான், இரண்டு குறை. அதற்கு மறுநாள் போனான், ஒரு குறை. திவ்யா எப்படிக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்ப்பாள் என்று நடித்துக் காட்டினான். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நாலாவது நாள்?" என்று கேட்டாள் லீனா.

"நாலாவது நாள் எல்லாம் சரியா இருந்துச்சு," என்றான் அருள்பாண்டி. "அதான் பயமாப் போச்சு. இந்தத் தடவை கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் எதைச் சொல்லி அங்க போறது? அதனால தேதியை நானே வேணும்னு தப்பாப் போட்டுக்கிட்டுப் போனேன்."

திவ்யா ஊஞ்சலுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அந்தத் தேதி அவளுக்கு நினைவிருந்தது. முப்பது நாள் உள்ள மாதத்தில் முப்பத்தொன்று என்று போட்டிருந்தான். 'இவ்வளவு மக்கா இருக்காரே' என்று அன்றைக்குப் பரிதாபப்பட்டாள். அந்தப் பரிதாபத்தில்தான் முதன்முதலாக அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. சுத்தமான, அப்பட்டமான பொறாமை. நாலு வருஷமாகத் தன்னிடம் சொல்லாத கதையை ஃபின்லாந்துக்காரியிடம் சொல்கிறான். தன் வீட்டில் மூன்று வார்த்தைக்கு மேல் பேசாதவன் இங்கே நடிக்கிறான், சிரிக்கிறான், சிரிக்க வைக்கிறான். ஒன்றரை வருஷமாக இந்தத் தோப்பின் மேல் அவளுக்கு இருந்த கோபம் எறும்பாலோ தவளையாலோ வந்ததில்லை. தான் இல்லாத ஒரு இடத்தில் அவன் நிம்மதியாக இருக்கிறான் என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. குடிசைக்கு வந்ததும் குறிப்பேட்டை எடுத்து பதினெட்டாவது குறையை எழுதினாள். எழுதிவிட்டு, யாரும் பார்க்காதபோதும் கையால் மூடிக்கொண்டாள்.

செவ்வாய் காலையில் கொச்சி ஜோடி கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் காளியம்மன் கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஊர்ப் பொதுமக்களுக்கு அறிவிப்பு. வாய்க்கால்ல அடுத்த வாரம் வியாழக்கிழமை தண்ணி தெறக்குறதா தகவல் வந்திருக்கு. எல்லாரும் நடவுக்குப் போயிருவீக. அதனால அடுத்த வாரம் வச்சிருந்த காப்புக் கட்டை முன்னாடி கொண்டாந்திருக்கோம். இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் காப்புக் கட்டு. வெளியூர் போறவுக அதுக்குள்ள போயிருங்க. அப்புறம் எங்களைச் சொல்லிக் குத்தமில்ல."

பேசியது வீரணன், திருவிழாவை எடுத்து நடத்துகிறவர். லீனா என்ன சேதி என்று கேட்டாள். திவ்யா தன் அலுவலக ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினாள். அம்மனுக்கு மஞ்சள் கயிறு கட்டித் திருவிழா தொடங்கும். அந்தக் கயிறு கட்டும்போது ஊர் எல்லைக்குள் இருக்கிற எல்லாரும், திருவிழா முடியும்வரை எட்டு ராத்திரியும் எல்லைக்குள்ளேதான் படுக்க வேண்டும். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்ந்தால் திரும்பிவிட வேண்டும்.

"மீறினால்?"

திவ்யா சீனியம்மாளைப் பார்த்தாள். சீனியம்மாள் சொன்னாள்: "ஒண்ணும் ஆகாது. ஆனா எட்டு நாள்ல ஊர்ல யாருக்குத் தலைவலி வந்தாலும், ஆடு கால் ஒடிஞ்சாலும், ஒன்னாலதான்னு சொல்லுவாக. ஆயுசுக்கும் சொல்லுவாக."

லீனா கிணற்று மேட்டில் ஏறி நின்று அன்றைக்குப் போகவிருந்த ராமேஸ்வரம் பஸ்ஸை ரத்து செய்துவிட்டு இறங்கினாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இறங்கி வந்தவள் கேட்டாள்: "அப்படியென்றால் நீயும் இருப்பாயா?"

அப்போதுதான் திவ்யாவுக்குச் சுருக்கென்றது. அவள் வெளியூர் விருந்தாளிகூட இல்லை. இந்த ஊர் மருமகள். அஞ்சு மணிக்கு எல்லைக்குள் இருந்தால் எட்டு ராத்திரிக்கு அசைய முடியாது. நேராக அடுப்படிக்குப் பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்த புருஷனிடம் போனாள்.

"நல்லாத் திட்டம் போட்டிருக்கீங்க. மூணு ராத்திரின்னு கூப்பிட்டு, காப்புல மாட்டிவிட்டு எட்டு ராத்திரி உக்கார வைக்கலாம்னு. அதுக்குள்ள புதன்கிழமையும் போயிரும், வேலையும் போயிரும்."

"எனக்கும் இப்பத்தான் தெரியும்."

"நம்பச் சொல்றீங்களா?"

அருள்பாண்டி ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுச் சாயங்காலம் அவ்வளவு பேசிய வாய். அதுதான் திவ்யாவுக்கு உச்சந்தலைக்கு ஏறியது.

"மூணு ராத்திரி தங்கிட்டேன். பதினேழு குறை இருக்கு. மூடிருங்க."

அவன் கையிலிருந்த விறகை அடுக்கில் வைத்தான். நேராக வைத்தான். பிறகு, "சரி," என்றான்.

அவ்வளவுதான். ஒரு வாரம் மல்லுக்கட்டியது ஒரு சரியில் முடிந்துவிட்டது. ஜெயித்த திவ்யாவுக்குச் சோறு இறங்கவில்லை. உடனே கிளம்பப் பார்த்தவளை, "உச்சி வெயில்ல எங்க போற, நாலு மணிக்குப் போ," என்று சீனியம்மாள் தடுத்துவிட்டாள். பையைக் கட்டி ஸ்கூட்டியில் மாட்டினாள். நாலு மணிவரை என்ன செய்வது? ஊஞ்சலில் சும்மா சாய்ந்தாள். ஆடிக் காற்று வாய்க்கால் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தது. அந்தக் காற்றுக்குப் பட்டியலில் இடமில்லை என்று நினைத்தது வரைக்கும்தான் அவளுக்கு ஞாபகம்.

கண்ணைத் திறந்தபோது வெயில் தென்னை மரங்களுக்கு அடியில் சாய்ந்து கிடந்தது. கைக்கடிகாரத்தில் அஞ்சே முக்கால்.

வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். அஞ்சு மணிக்குக் காப்பு. முடிந்துபோயிருக்கும். அருள்பாண்டியைக் காணோம், லீனாவைக் காணோம், சீனியம்மாளையும் காணோம். எவனாவது எழுப்பினானா! வேண்டுமென்றேதான் தூங்க விட்டிருக்கிறான். ஆனால் காப்புக் கட்டினால் கொட்டு முழங்குமே, அந்தச் சத்தத்துக்கா எழாமல் போனோம் என்று ஒரு சந்தேகம். எதற்கும் பார்ப்போம் என்று ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

கோயில் முன்னால் ஊரே நின்றுகொண்டிருந்தது. கொட்டுக்காரர்கள் கொட்டைத் தோளில் மாட்டியபடி சும்மா நின்றார்கள். வீரணன் கையில் மஞ்சள் கயிறு. அம்மன் சன்னிதி திறந்து கிடந்தது. திவ்யாவின் ஸ்கூட்டியைப் பார்த்ததும் அத்தனை தலையும் திரும்பி, எல்லாரும் ஒரே நேரத்தில் "அப்பாடா" என்கிற மாதிரி மூச்சு விட்டார்கள். ஒரு கிழவர் போ போ என்று கைகாட்டினார். ஒன்றும் புரியாமல் திவ்யா வாய்க்கால் பாலம்வரை போனாள். பாலம்தான் ஊர் எல்லை. அங்கே சீனியம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"முழிச்சிட்டியா மகராசி? வெரசாப் பாலத்தைத் தாண்டு. ஆறு மணிக்குமேல நல்ல நேரம் இல்ல."

"எல்லாரும் ஏங்க்கா சும்மா நிக்கிறாங்க?"

"ஒனக்காகத்தான்."

"எனக்காகவா?"

"ஓம் புருசன் நாலு மணிக்கே ஓடியாந்துட்டான். எம் பொண்டாட்டி அசந்து தூங்குறா, அவ எந்திரிச்சு எல்லையைத் தாண்டுற வரைக்கும் காப்பைக் கட்டாதீகன்னு ஒவ்வொருத்தர் கையையும் பிடிக்கிறான். வீரணன் குதியாக் குதிச்சாரு. எழுப்பிவிட வேண்டியதுதானடான்னு நாங்கூடச் சொன்னேன். 'அவ இம்புட்டு நல்லாத் தூங்கி நான் பாத்ததில்லக்கா, எழுப்பாதீக'ங்குறான். ஒரு மணி நேரமா ஊரே கயித்தைக் கையில வச்சுக்கிட்டு நிக்குது, நீ தூங்குறதுக்கு! நான் தாண்டுனியான்னு பாத்துச் சொல்ல இங்க நிக்கிறேன்."

திவ்யா வண்டியிலிருந்து காலை ஊன்றினாள். முன்சக்கரம் பாலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவன் ஒன்றும் செய்திருக்க வேண்டாம். எழுப்பாமல் இருந்தால் போதும். கொட்டு முழங்கியிருக்கும், எட்டு ராத்திரி அவள் அங்கே கிடந்திருப்பாள், புதன்கிழமை தானாகக் கழிந்திருக்கும். தூங்கினது அவள் தப்பு. யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. அதைச் செய்யாமல், தோற்றுப்போன பந்தயத்துக்காக ஊர் காலில் விழுந்திருக்கிறான். அதையும் வாயைத் திறந்து அவளிடம் சொல்லவில்லை. இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்தபோதே திவ்யாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்ன தாயி, வண்டி கிளம்பலையா?"

"கிளம்பும்க்கா," என்றாள். வண்டியைத் திருப்பினாள்.

கோயில் முன்னால் வீரணன் திகைத்துப்போய் நின்றார். "என்ன தங்கச்சி, தாண்டலையா?"

"நீங்க கட்டுங்கண்ணே."

"கட்டுனா எட்டு ராத்திரி..."

"தெரியும்ண்ணே. நேரமாச்சு, கட்டுங்க."

கூட்டத்திலிருந்து லீனா மட்டும் 'ஓ' என்று கத்தினாள். அடுத்த நிமிஷம் கொட்டு இடியாக இறங்கியது, குலவை கிளம்பியது. திவ்யா அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தோப்புக்கு விரைந்தாள்.

தோப்பு வாசலில் ஏணி சாத்தியிருந்தது. அவள் வண்டி பாலத்துப் பக்கம் போனதைப் பார்த்துவிட்டுக் குறுக்கு வழியில் திரும்பியிருந்த அருள்பாண்டி அதில் பாதி ஏறி, 'கிணத்தடி' போர்டின் ஒரு பக்கத் திருகாணியைக் கழற்றிவிட்டான் போலிருக்கிறது; போர்டு ஒருபக்கமாகத் தொங்கியது. மறுபக்கத்துக்குக் கையைக் கொண்டுபோனவன், கொட்டுச் சத்தம் கேட்டு அப்படியே நின்றுபோயிருந்தான். கொட்டு அடித்தால் அவள் பாலத்தைத் தாண்டிவிட்டாள் என்று அர்த்தம். ஏணிப்படியில் உட்கார்ந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

திவ்யா வண்டியை நிறுத்திவிட்டு ஏணிக்குக் கீழே போய் நின்றாள்.

"ரூம் இருக்குங்களா?"

துண்டு விலகியது. அவளைப் பார்த்தான், கோயில் பக்கம் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"எத்தனை ராத்திரிக்குங்க?"

"எட்டு."

"ஆதார் கார்டு இருக்கா?"

"அது இல்ல. இதுதான் இருக்கு," என்று குறிப்பேட்டை நீட்டினாள். "குறையெல்லாம் எழுதியிருக்கேன். சரி பண்ணுங்க. அந்தப் போர்டை முதல்ல நேரா மாட்டுங்க. மாமாவுக்கு நானே போன் பண்ணி வரலைன்னு சொல்லிடுறேன்."

அவன் ஏணியிலேயே உட்கார்ந்து படித்தான். கூரைக்கு 'ம்' என்றான். தவளைக்குச் சிரித்தான். தேங்காய்க்கு அண்ணாந்து பார்த்தான். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே ஒரே ஒரு வரிதான் இருந்தது.

'18. இங்கே இருக்கிற ஆள் தல்லாகுளத்து வீட்டுக்கு வருவதில்லை.'

அந்த வரியை இன்னொரு தடவை படித்தான். கோயிலில் கொட்டு நின்று, மறுபடி தொடங்கியது.

"அங்க வந்தா நீ எப்பவும் கோபமா இருக்கியேன்னு வாயைத் திறக்க மாட்டேன், திவ்யா," என்றான் மெல்ல.

"நீங்க வாயைத் திறக்கலைன்னுதான் நான் கோபமா இருந்தேன்."

இரண்டு பேருமே இதை ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். அருள்பாண்டி குறிப்பேட்டை மூடிச் சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தான், பை கொள்ளவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

"பதினேழையும் முடிச்சிரலாம். தவளைகூடப் பேசிப் பாக்குறேன். பதினெட்டுக்கு மட்டும் எட்டு நாள் பத்தாது போலிருக்கே."

"பத்தலைன்னா நீட்டிப்பு வேணும்னு எழுதிக் குடுங்க, பாக்கலாம்," என்று கிணற்று மேட்டை நோக்கி நடந்த திவ்யா, நாலடி போய்த் திரும்பினாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள்.

"தேதியை மட்டும் மறுபடியும் வேணும்னு தப்பாப் போட்டுறாதீங்க."